விண்டோஸ் கால்குலேட்டரின் டேட்டா பகுதி: தினமும் பயன்படுத்தும் ஒரு எடிட்டரின் அனுபவம்

வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். ஃபுட்டேஜ் வாங்குவது, பேக்கப் எடுப்பது, முடித்த வேலையை நெட்டில் அனுப்புவது என்று நாள் முழுக்க ஜிபி, டிபி கணக்குதான். அதற்கு நான் நம்பியிருப்பது விண்டோஸோடு சேர்ந்தே வரும் கால்குலேட்டரை. மேலே இடது மூலையில் இருக்கும் மூன்று கோட்டைத் தட்டினால் நீளம், எடை, வெப்பநிலை என்று பட்டியல் விரியும். அதில் டேட்டா என்று ஒன்று இருக்கிறது. பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

என்னைப் போக வைத்தது ஒரு தவறு. ஒரு கிளையண்ட்டுக்கு 300 ஜிபி ஃபுட்டேஜ் அனுப்ப வேண்டியிருந்தது. என் அப்லோடு வேகம் 100 எம்பி. வகுத்துப் பார்த்தேன், 3,000 விநாடி. "ஐம்பது நிமிஷத்துல வந்துரும் சார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு இரவு பத்து மணிக்கு ஏற்றத் தொடங்கினேன். போய்ச் சேரும்போது காலை ஐந்தரை. அங்கே ஒரு டீமே தூங்காமல் காத்திருந்தது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

நம் பேச்சில் இரண்டுமே 'எம்பி'தான், அதுதான் வினை. ஃபைல் அளவில் வருவது மெகாபைட், நெட் வேகத்தில் வருவது மெகாபிட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆங்கிலத்தில் எழுதினாலாவது பெரிய பி, சின்ன பி என்று கண்ணுக்குத் தெரியும். தமிழில் எழுதினால் அதுவும் கிடையாது. இந்தக் கால்குலேட்டர் எந்தச் சுருக்கமும் போடாமல் மெகாபிட், மெகாபைட் என்று முழுப் பெயரையே காட்டுகிறது. எனக்கு முதலில் பிடித்தது இதுதான். மேலே மெகாபிட் வைத்து 100 என்று அடித்தால் கீழே மெகாபைட்டில் 12.5.

இரண்டாவது, ஆயிரக் கணக்கையும் 1,024 கணக்கையும் இது ஒன்றோடு ஒன்று குழப்புவதில்லை. கிகாபைட் (ஜிபி) என்றால் நூறு கோடி பைட். 1,024-ஐ மூன்று முறை பெருக்கி வருவது கிபிபைட், 107,37,41,824 பைட். 1,024 கணக்குக்கான இந்தக் கிபி, மெபி, டெபி போன்ற பெயர்களை ஐஇசி என்ற சர்வதேச தர அமைப்பு 1998-லேயே வகுத்துவிட்டது. ஆனால் அதே விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் 1,024 கணக்கில் எண்ணிவிட்டு ஜிபி என்றே எழுதுகிறது. என் 300 ஜிபி ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் அடைப்புக்குறிக்குள் 322,122,547,200 பைட் என்று இருக்கும். உண்மையான எண் அதுதான். இப்போதெல்லாம் அதையே காப்பி செய்து, பைட் என்று வைத்து ஒட்டிவிடுகிறேன். மெகாபிட்டில் 25,76,980 வரும். நூறால் வகுத்தால் 25,770 விநாடி, ஏழு மணி பத்து நிமிஷம். பாக்கெட் தலைப்புகளுக்கென்று (டேட்டா போகும் ஒவ்வொரு சிறு பொட்டலத்திலும் ஒட்டும் முகவரி போன்ற விவரம்) நெட்வொர்க் எடுத்துக்கொள்ளும் ஐந்து சதவீதத்தையும் சேர்த்தால் ஏழரை மணி நேரம். அன்று ஆனதும் அதேதான்.

போன மாதம் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒரு 4 டிபி டிஸ்க்கோடு வந்தான். "அண்ணே, இது டூப்ளிகேட் போல. 3.63-தான் காட்டுது" என்றான். கால்குலேட்டரைத் திறந்து டெராபைட்டில் 4 போடச் சொன்னேன், கீழே 1,024 கணக்கின் டெபிபைட். 3.637979 வந்தது. திருப்பிக் கொடுக்கப் போனவன் டிஸ்க்கைப் பத்திரமாக உறையில் வைத்துக்கொண்டான். மேக்கில் மாட்டியிருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. அது 2009 முதல் ஆயிரக் கணக்கில்தான் காட்டுகிறது. கிலோவில் இரண்டரை சதவீதம்கூட இல்லாத இடைவெளி டெராவுக்கு வரும்போது கிட்டத்தட்ட பத்து சதவீதம் ஆகிவிடுகிறது. டிஸ்க் பெரிதாகப் பெரிதாக இந்தச் சண்டையும் பெரிதாகும்.

குறைகளும் உண்டு. பெரிய குறை, பரிமாற்ற வேகத்துக்கென்று தனிப் பகுதி இல்லை. விநாடிக்கு மெகாபிட்டை விநாடிக்கு மெகாபைட்டாக மாற்றத்தான் டேட்டா பகுதி போதும், இரண்டு பக்கமும் விநாடி ஒன்றுதானே. மணிக்கு எத்தனை ஜிபி என்று கேட்டால் 12.5-ஐ 3,600-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து 45 ஜிபி என்று நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். அனுப்பும் நேரத்தைச் சொல்லவும் இதற்குத் தெரியாது.

இன்னொன்று, பட்டியல் நீளம். மெகாபிட், மெபிபிட், மெகாபைட், மெபிபைட் நான்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவசரத்தில் கை இரண்டு வரி தள்ளிப் பட்டால் விடை எட்டு மடங்கு மாறிவிடும், திரையில் எதுவும் எச்சரிக்காது. நான் விடையைப் படிப்பதற்கு முன் யூனிட் பெயரைத்தான் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன்.

விடைக்குக் கீழே ஏறத்தாழ இத்தனை டிவிடி, இத்தனை ஃப்ளாப்பி என்றும் ஒரு வரி காட்டும். வயதான கிளையண்ட்டுகளிடம் பேச அது நன்றாகவே உதவுகிறது.

நெட் இல்லாமல் வேலை செய்கிறது, விளம்பரம் இல்லை, 2019 முதல் இதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். அளவையும் வேகத்தையும் கொடுத்தால் நேரத்தைச் சொல்லும் ஒரு பகுதியைச் சேர்த்த அன்று ஐந்தாவதையும் தருவேன்.