பாமினி மாற்றியைப் பைபிஐயில் வைத்திருப்பது: நீண்டகாலப் பாவனையில் தெரிந்தவை

மட்டக்களப்பில் பழைய கோயில் மலர், பாடசாலைச் சஞ்சிகை, சங்க அறிக்கை என்று கணினியில் கிடப்பவற்றில் கணிசமானவை பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவில், அடித்தவை. அவற்றை யுனிகோடாக்கும் பைதன் நூலகம் எழுத ஒரு பின்னேரம் போதும். அதைப் பைபிஐ என்ற பொதுப் பைதன் களஞ்சியத்தில் ஏற்றி, மற்றவர்கள் நிறுவும் கருவியான பிப் கொண்டு நிறுவி, பிழையில்லாமல் ஓட்டும்படி வைத்திருப்பதுதான் நாள் எடுக்கும் விசயம். சிக்கல் பெரும்பாலும் கோட்டில் இல்லை. எழுதியவரின் கோப்புறையில் இருப்பதும் நிறுவுபவரின் கைக்குப் போவதும் ஒன்றல்ல என்பதில் இருக்கிறது.

முதலில் விடுபட்டுப்போவது, எந்தப் பாமினி விசைக்கு எந்த யுனிகோட் எழுத்து என்று சொல்லும் எழுத்து அட்டவணை. ஜேசன் என்ற தரவுக் கோப்பாக வைத்த அட்டவணையை, பக்கேஜ் கட்டும் கருவியான செட்அப்டூல்ஸ் தானாக வீலுக்குள் (நிறுவுவதற்கான பொதிக் கோப்புக்குள்) சேர்க்காது. திட்டத்தின் அமைப்புக் கோப்பான பைப்ராஜெக்ட் டொட் டொமலில் பக்கேஜ்-டேட்டா என்று சொல்ல வேண்டும், அல்லது மேனிஃபெஸ்ட் கோப்பில் எழுத வேண்டும். எழுதியவரின் கணினியில் எடிட்டபிள் முறையில் நிறுவியிருந்தால் நேரே மூலக் கோப்புறையையே வாசிக்கும். குறை தெரியவே தெரியாது. இன்னொரு கட்டும் கருவியான ஹட்ச்லிங், பக்கேஜுக்குள் கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். ஆனால் கிட் கவனிக்காமல் விட வேண்டியவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோரில் இருப்பதை விட்டுவிடும். கிட்ஹப் தரும் பைதன் கிட்இக்னோர் மாதிரியில் ‘லிப்’ என்ற கோப்புறைப் பெயரும் உண்டு. அட்டவணையை அதற்குள் வைத்தவர் காரணம் தேடி ஒரு இராவை முழுதாகத் தொலைப்பார். இருந்தும், சி மொழிக் கோட் கலக்காத நூலகத்துக்கு ஹட்ச்லிங்தான் எங்கள் தெரிவு. கட்டமைப்பு வரிகள் குறையும்.

வீல் என்பது வெறும் ஸிப் கோப்பு. ஏற்றுமுன் பைதனோடு வரும் ஸிப்ஃபைல் கட்டளையால் உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிட்டுப் பாருங்கள். பத்து வினாடி வேலை. மறுகா, வேறொரு கோப்புறைக்குப் போய், புதிய மெய்நிகர் சூழலில் (தனியாக ஒதுக்கிய பைதன் நிறுவலில்) அந்த வீலையே நிறுவிச் சோதியுங்கள். கோட்டை எஸ்ஆர்சி கோப்புறைக்குள் வைக்கச் சொல்வதும் இதற்காகவே. வெளியே கிடந்தால், நிறுவியதை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடப்பதைப் பைதன் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது விண்டோஸ். லினக்ஸில் ஓடிய நூலகம் கல்முனையில் ஒரு விண்டோஸ் கணினியில் ‘சார்மப்’ பிழையோடு விழுந்தால், காரணம் அநேகமாக நமது புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளி, யுனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் மூன்று பைட். கடைசிப் பைட் பதினாறடிமான எண்ணில் 8டி. விண்டோஸின் பழைய மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமான 1252இல் அந்த இடம் வெறுமை. பைதன் 3.14 வரையான பதிப்புகள், குறியாக்கம் சொல்லாமல் கோப்பைத் திறந்தால், விண்டோஸ் வைத்திருக்கும் குறியாக்கத்தையே எடுக்கும். புள்ளி வரும் முதல் இடத்தில் நிரல் நிற்கும். புள்ளியும், அதேபோல் அங்கே இடமில்லாத உகரக் குறி, ஏ, ஐ என்பவையும் வராத கோப்பென்றால் இன்னும் மோசம்: நிற்காது, குப்பையாக வாசித்துக்கொண்டு போகும். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். பக்கேஜுக்குள் இருக்கும் கோப்பின் பாதையை இம்போர்ட்லிப் ரிசோர்சஸ் மூலம் கேளுங்கள். அதில் உள்ள ஃபைல்ஸ் பைதன் 3.9இல் வந்தது. விண்டோஸ் 7 கணினியில் 3.8க்கு மேல் ஏறாது. அப்படியான கணினிகளையும் சேர்க்க வேண்டுமென்றால் இம்போர்ட்லிப் ரிசோர்சஸின் தனிப் பக்கேஜைச் சார்பாக, அதாவது கூடவே நிறுவப்பட வேண்டிய நூலகமாகக் கொடுக்க வேண்டும்.

சோதனைச் சொல்லாகக் ‘கொக்கட்டிச்சோலை’யை வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு ஊர்ப் பெயரில் எல்லாப் பொறியும் இருக்கிறது. பாமினியில் கொம்பு முதலில், எழுத்து பிறகு, கால் கடைசி. எனவே ‘கொ’ மூன்று விசை. அட்டவணையில் நீண்ட தொடர்களை முதலில் மாற்றாவிட்டால் ‘கா’வை முன்னதாகப் பிடித்துக்கொண்டு கொம்பு தனியே தொங்கும். சரியாக மாறினாலும், ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான். பைதனில் நீளம் கேட்டால் முதல் வகைக்கு 15, இரண்டாவதுக்கு 17. நாம் எண்ணும் எழுத்தோ எட்டுத்தான். தேடலில் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. வெளியே விடுமுன் எப்போதும், இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பைபிஐ பக்கேஜின் பெயரில் தமிழ் எழுத்தை ஏற்காது. ஆங்கில எழுத்து, எண், புள்ளி, இணைகோடு, அடிக்கோடு மட்டும். கடைசி மூன்றும் ஒன்றாகவே கணக்கிடப்படும். ழகரம் வரும் பெயரை விட்டுவிடுவது நல்லது. ஒருவர் இசட்எச் அடிப்பார், இன்னொருவர் எல் அடிப்பார். அடுத்தவன் அந்த மற்றப் பெயரில் கள்ளப் பக்கேஜ் ஏற்றவும் வழி திறந்து கிடக்கும்.

2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பைபிஐயில் எல்லாருக்கும் இருபடிச் சரிபார்ப்புக் கட்டாயம். போன் களப்புக்குள் விழுந்தால் மீட்புக் குறிகள்தான் கதி, அச்சிட்டு வையுங்கள். கடவுச்சொல்லால் ஏற்ற முடியாது, டோக்கன் என்ற இரகசியத் திறப்பு வேண்டும். முதல் பதிப்பு ஏறும்வரை அந்தத் திட்டத்துக்கு மட்டுமான டோக்கன் எடுக்க முடியாது. முழுக் கணக்கின் திறப்பால் ஏற்றிவிட்டு, உடனே அதை அழித்துச் சின்னத் திறப்பு எடுங்கள். கிட்ஹப்பில் வேலை நடக்கிறதென்றால் 2023இல் வந்த நம்பகப் பிரசுர முறை இதைவிட மேல். அதில் பத்திரப்படுத்த டோக்கனே இல்லை. ஒத்திகைத் தளமான டெஸ்ட்பைபிஐக்குத் தனிக் கணக்குத் திறக்க வேண்டும். விவரணப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க உதவும், அவ்வளவுதான். சார்புகள் பல அங்கே இருக்காது.

ஒருமுறை ஏற்றிய கோப்பின் பெயரை அழித்தாலும் மறுபடி பாவிக்க முடியாது. 0.3.1இல் பிழையென்றால் 0.3.2தான். பழையதை அழிக்காமல் ‘யாங்க்’ செய்யுங்கள்: புதிதாக நிறுவுபவருக்குப் போகாது, அந்தப் பதிப்பையே குறித்துக் கேட்பவருக்கு உடையாது. கட்டிய வீல்கள் சேரும் டிஸ்ட் கோப்புறையைத் துடைக்காமல், ஏற்றும் கருவியான ட்வைனை ஓட்டினால் பழைய வீலும் சேர்ந்து போய், 400 பிழை வரும்.

வீலைக் கட்டும் பில்ட் கட்டளை ஒவ்வொரு முறையும் தனிச் சூழல் அமைத்து இணையத்தைத் தேடும்; டேட்டா தீர்ந்தால் அங்கேயே நிற்கும். தேவையானவை முன்னமே நிறுவியிருந்தால் ‘நோ ஐசோலேஷன்’ போட்டு ஓட்டலாம். சிக்னல் விட்டுவிட்டு வரும் படுவான்கரைப் பக்கத்துப் பாடசாலைக்குக் கொடுப்பதென்றால், பிப் டவுன்லோட் மூலம் சார்புகளோடு பென்டிரைவில் எடுத்து, ‘நோ இன்டெக்ஸ்’ போட்டு நிறுவலாம். வீலின் பெயர் ‘நன்-எனி’ என்று முடிந்தால் எந்தக் கணினிக்கும் அதே கோப்புப் போதும். ‘வின்’ என்றோ ‘லினக்ஸ்’ என்றோ இருந்தால் அங்கே ஓடும் பைதன் பதிப்பைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.