ஒரு ஆதார் நகலும் மூன்று பாடங்களும்: சைபர் பாதுகாப்பு படிக்க எதை எடுப்பது?

ஊட்டி, குன்னூர் பக்கம் பி.சி.ஏ., பி.காம். சி.ஏ. படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: சைபர் பாதுகாப்புக்கு அறிமுகமாக என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டம்) பாடத்தை எடுக்கலாமா, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கணினிப் பாட வரிசையான சி.எஸ்.50 போதுமா, கூகுளின் சைபர் பாதுகாப்புச் சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா? எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம் என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு அது இரண்டாம்பட்சம். மூன்று பாடங்களும் ஒரே சிக்கலை மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்து பார்க்கின்றன. நாளைக்கு நீங்கள் உட்காரப்போகும் நாற்காலி எது என்பதை முதலில் யோசியுங்கள்.

நம் ஊர்ச் சிக்கல் ஒன்றையே வைத்துப் பார்ப்போம். குன்னூரில் ஒரு சின்ன காட்டேஜ். ரூம் போடுகிறவர் ஆதார் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது ரிசப்ஷனில் இருக்கும் பையனின் சொந்த போனில் போய் விழுகிறது. சீசன் முடிவதற்குள், அவன் தங்கச்சி கல்யாண போட்டோக்களுக்கு நடுவே ஊர்பேர் தெரியாத குடும்பங்களின் ஆதார் வரிசையாகச் சேர்ந்துவிடுகிறது. அடுத்த வருஷம் அவன் கோத்தகிரியில் வேறு ரிசார்ட்டுக்கு மாறுகிறான். போனும் கூடவே போகிறது.

சி.எஸ்.50-இன் சைபர் பாதுகாப்புப் பாடம் அந்தப் போனைப் பார்க்கும். ஹார்வர்டு பேராசிரியர் டேவிட் மலான் எடுக்கும் ஐந்து விரிவுரைகள்: கணக்குகள், தரவு, கணினிகள், மென்பொருள், கடைசியில் தனியுரிமை. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாலு இலக்கப் பூட்டு எண்ணில் அவர் தொடங்கும் விதமே அழகு. 0000 முதல் 9999 வரை 10,000 வாய்ப்புகள்தான். குட்டி பைதான் நிரல் ஒன்று கண்மூடித் திறப்பதற்குள் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். எழுத்து, எண், குறிகள் கலந்த எட்டு இடக் கடவுச்சொல் என்றால் ஓர் இடத்துக்கு 94 வாய்ப்பு; அப்படி எட்டு 94-களை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். ஏறக்குறைய 6,000 லட்சம் கோடி வாய்ப்புகள். ‘ஸ்ட்ராங் பாஸ்வேர்டு வை’ என்று ஆயிரம் முறை கேட்டும் மண்டையில் ஏறாத விஷயம் இந்த ஒரு கணக்கில் ஏறிவிடுகிறது.

இரண்டாவது விரிவுரைதான் நம் காட்டேஜுக்கு வேண்டியது. டெலீட் அழுத்தியதும் கோப்பு அழிந்துவிடாது. அது இருந்த இடம் காலி என்று குறிப்பு மட்டும் மாறும். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை மீட்க வழி உண்டு. அதனால்தான் சேமிப்பகம் முழுவதையும் மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்கிறார்கள். ‘எல்லாம் அழிச்சிட்டேன் சார்’ என்று பையன் சொல்லும்போது, போனின் குப்பைத்தொட்டியையும் கூகுள் போட்டோஸ் பேக்கப்பையும் கேட்க வேண்டும் என்ற புத்தி இதைப் படித்தவருக்கு வரும். ஆனால் அந்தப் போனுக்கு ஆதார் வந்ததே சரியா என்று இந்தப் பாடம் பெரிதாக நோண்டாது. இந்தியச் சட்டத்தை இதில் தேடவும் வேண்டாம்.

என்.பி.டி.இ.எல்.லில் உள்ள ‘சைபர் செக்யூரிட்டி அண்ட் பிரைவசி’ முதலாளியின் பக்கம் திரும்புகிறது. நடத்துகிறவர் சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறைப் பேராசிரியர் சஜி கே. மேத்யூ; 12 வாரம். துறையின் பெயரே பாடத்தின் போக்கைச் சொல்லிவிடும். கொள்கை, இடர் மதிப்பீடு, பொறுப்பு, தாக்குதல் நடந்தால் அடுத்து என்ன என்று போகும். ஹேக்கிங் கற்றுக்கொள்ளலாம் என்று வருகிறவருக்குக் கொட்டாவி வரும். ஆனால் காட்டேஜ் விஷயத்தில் சரியான கேள்விகள் இங்கிருந்துதான் கிளம்பும்: முதல் எட்டு இலக்கங்கள் மறைத்த ஆதார் போதாதா? எத்தனை நாள் வைத்திருக்கலாம்? போன் தொலைந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும்? தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவைக் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். காட்டேஜ்காரரிடம் யாரும் அவ்வளவு கேட்கப்போவதில்லைதான்; ஆனால் ‘பையன் போன்ல இருக்கு, எனக்குத் தெரியாது’ என்று அவர் நழுவ முடியாது.

இதன் பரீட்சைதான் மலைக்காரர்களுக்குத் தலைவலி. பாடம் இலவசம், தேர்வுக்கு 1,000 ரூபாய். ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு முதலாவதில் 10, இரண்டாவதில் 30 வேண்டும். தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுத்தால், காலைத் தேர்வுக்கு ஊட்டியிலிருந்து முதல் நாளே இறங்கிவிடுவது நல்லது. ஜூலைத் தவணையின் தேர்வு வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வரும். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜனவரித் தவணையில் இந்தப் பாடம் வந்தால் அதுவே மேல். இந்த அலைச்சலுக்குப் பலன் உண்டு: ஸ்வயம் (என்.பி.டி.இ.எல். பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் இணையத்தளம்) பாடங்களின் கிரெடிட்டைப் பட்டப்படிப்பில் சேர்க்க யு.ஜி.சி. விதி இடம் தருகிறது. உங்கள் கல்லூரி இந்தப் பாடத்தை ஏற்குமா என்று துறைத்தலைவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோர்ஸெரா என்ற இணையப் பாடத் தளத்தில் உள்ள கூகுள் சான்றிதழ், நிறுவனக் கணினிகள் மீதான தாக்குதல்களைக் கவனிக்கும் கண்காணிப்பு அறையில் உட்காரும் ஊழியருக்கானது. லினக்ஸ், எஸ்.க்யூ.எல்., பைதான், கணினிகள் தானாக எழுதிவைக்கும் பதிவேடுகளை (லாக்) துழாவுவது எல்லாம் வரும். மாதச் சந்தா, இழுத்தடித்தால் செலவு ஏறும். நம் காட்டேஜில் துழாவப் பதிவேடே கிடையாது, ஒரு போன்தான்! கோவையிலோ பெங்களூருவிலோ அந்த வேலைக்கே போவது என்று முடிவெடுத்தவர் கட்டலாம். கோர்ஸெராவில் நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

பி.காம். மாணவருக்கு என் தேர்வு என்.பி.டி.இ.எல்.தான். மூன்றில் அதுதான் சுவாரசியம் குறைந்தது. ஆனால் காட்டேஜ், தேயிலை ஃபேக்டரி, கூட்டுறவு சங்கம் என்று இங்கே வேலைக்குப் போகிறவர் கையில் வரப்போவது அடுத்தவர் தரவு. பி.சி.ஏ. என்றால், செமஸ்டர் லீவில் சி.எஸ்.50-ஐ முடித்துவிட்டு, அடுத்து வரும் தவணையில் என்.பி.டி.இ.எல். பாடத்துக்குப் பதியுங்கள். மறையாக்கம் வரும் வாரங்கள் லேசாகிவிடும். சி.எஸ்.50 தரும் சான்றிதழே இலவசம். எட்எக்ஸ் என்ற பாடத் தளம் வழியாக வரும் சரிபார்த்த சான்றிதழுக்குத்தான் காசு. சி.எஸ்.50, என்.பி.டி.இ.எல். இரண்டு பாடங்களின் வீடியோக்களும் யூடியூபில் கிடைக்கின்றன. சிக்னல் தடுமாறும் ஊரில் இருப்பவர் டவுனுக்கு வரும்போது இறக்கி வைத்துக்கொள்ளலாம்.