ஆறு பேர், நாலு பாட்டில், ஜீவன்பீமா நகர் மாடி

வெளிநாடு போய்த் திரும்பும் ஒருவர் சுங்க வரி இல்லாமல் 2 லிட்டர் வரை சரக்கு கொண்டு வரலாம். எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். எல்லாரும் பெங்களூர்த் தமிழர்கள், ஒருவர் மட்டும் தினம் ஓசூரிலிருந்து வந்து போகிறவர். யாராவது ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறையாவது விமானம் ஏறிவிடுவதால் விஸ்கி பாட்டில்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை எப்படிக் குடிப்பது என்பதில்தான் சண்டை. ஓசூர்க்காரர் ஒருநாள் கேட்டார்: "சும்மா ஊத்திக் குடிச்சா பத்தாதா? அதுக்கு எதுக்குப்பா டேஸ்டிங்னு பேரு?"

அந்தக் கேள்விக்காகவே ஒரே மாடியில், ஒரே ஆறு பேரை வைத்து மூன்று விதமாக நடத்திப் பார்த்தோம்.

முதலில் பிராந்திய வரிசை. ஸ்காட்லாந்தின் சட்டப்படி ஐந்து விஸ்கிப் பிரதேசங்கள் உண்டு: ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைட், ஐலா, கேம்பெல்டவுன். ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள் மால்ட், அதாவது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து வடித்த விஸ்கி, வாங்கி வரிசையாக ருசிப்பதுதான் எல்லாரும் சொல்லும் வழி. எங்களுக்கு ஐந்தும் அமையவில்லை, மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். ஸ்பேசைடுக்கு கிளென்லிவெட் 12 (எண், பீப்பாயில் இருந்த வருஷக் கணக்கு), ஐலாவுக்கு லஃப்ராய்க் 10, ஹைலேண்டுக்கு டாலிஸ்கர் 10. டாலிஸ்கர் வடிப்பது ஸ்கை தீவில். ஆனால் சட்டத்தில் தீவுகளுக்குத் தனிப் பிரதேசம் கிடையாது, ஹைலேண்டோடு சேர்த்துவிட்டார்கள்.

இதில் நான் செய்த முட்டாள்தனம், லஃப்ராய்க்கை இரண்டாவதாக ஊற்றியது. பார்லியை உலர்த்தும்போது சதுப்பு நிலத்தில் வெட்டிய பீட் கரியை எரிக்கிறார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறி, வடித்து முடித்த பிறகும் விஸ்கியில் நிற்கும். லஃப்ராய்க்கில் அது பள்ளிக்கூடத்தில் முழங்காலில் தடவிய டிங்சர் வாசமாக வரும். அதற்குப் பிறகு எதை ஊற்றினாலும் டிங்சர்தான். டாலிஸ்கரின் மிளகுக் காரமும் கடலுப்பும் நாக்குக்கு எட்டவே இல்லை. மெல்லியதில் தொடங்கிப் புகையில் முடிக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன்.

பிராந்திய வரிசையின் பலம், வித்தியாசம் யாருக்கும் புரிந்துவிடும். ஓசூர்க்காரருக்கே புரிந்தது. பலவீனம், ஊரை வைத்து ருசியைக் கட்டிப்போட முடியாது. ஐலா என்றாலே புகை என்று நம்பி வாங்கினால், அதே தீவின் புன்னஹாவன் 12 கிட்டத்தட்டப் புகையே இல்லாமல் வந்து நிற்கும்.

இரண்டாவது, ஒரே டிஸ்டில்லரியின் வயது வரிசை. கிளென்ஃபிடிக் 12, 15, 18 எடுத்தோம். சுருக்கமாகச் சொன்னால், மூன்றில் இதுதான் செலவு அதிகம், பேச்சு குறைவு. லேபிளில் போட்டிருக்கும் வயது அதற்குள் இருக்கும் மிக இளைய விஸ்கியின் வயது என்பது பலருக்குச் செய்தியாக இருந்தது. 15இன் கதையும் நன்றாகவே எடுபட்டது. 1998 முதல் ஒரு பெரிய மரத்தொட்டியைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல், எடுக்க எடுக்கப் புதிதாக நிரப்பி வருகிறார்கள். பழைய மாவில் கொஞ்சம் மிச்சம் வைத்துப் புது மாவைக் கலக்கும் நம் வீட்டு வழக்கம்தான். மற்றபடி 12க்கும் 18க்கும் உள்ள தூரத்தை நாலு பேர் "கொஞ்சம் ஸ்மூத்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். ஏற்கெனவே மால்ட் குடித்துப் பழகிய இரண்டு மூன்று பேர் கூடினால் வயது வரிசை வையுங்கள். ஆறு பேருக்கு வேண்டாம்.

மூன்றாவது, லேபிளை மறைப்பது. என் ஓட்டு இதற்குத்தான்.

ஊற்றும் ஆள் குடிக்காதவராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் மனைவி. ஜானி வாக்கர் பிளாக் லேபிள் பாட்டில் சதுரம், காகிதம் சுற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் சமையலறையிலேயே கிளாஸ்களில் ஊற்றி, மகனின் நோட்டு லேபிளில் 1, 2, 3, 4 என்று எழுதி ஒட்டினாள். நாலு விஸ்கி: கிளென்லிவெட் 12, கிளென்ஃபிடிக் 15, ஜானி வாக்கர் பிளாக் லேபிள், அம்ருத் ஃப்யூஷன். புகை தூக்கலான ஐலா மால்ட் எதையும் சேர்க்கவில்லை. அதை மூடி வைப்பதும் கருவாட்டை மூடி வைப்பதும் ஒன்று.

அம்ருத் ஸ்காட்ச் இல்லை என்று ஆட்சேபம் வரும். சரிதான். ஸ்காட்லாந்திலேயே வடித்து, அங்கேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் வைத்திருந்தால்தான் அந்தப் பெயர். அம்ருத் நம் மைசூர் ரோட்டில், கெங்கேரி தாண்டி வடிப்பது. 2004இல் அவர்கள் தங்கள் சிங்கிள் மால்டை முதலில் விற்பனைக்கு இறக்கியதே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில்தான். ஃப்யூஷனில் இந்திய பார்லியோடு புகையேற்றிய ஸ்காட்லாந்து பார்லியும் உண்டு. விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே 'விஸ்கி பைபிள்' என்ற தன் கையேட்டின் 2010 பதிப்பில் அதற்கு நூற்றுக்கு 97 மதிப்பெண் கொடுத்தார். ஆனால் அதில் ஆல்கஹால் 50 சதவீதம், மற்ற மூன்றும் 40க்கும் 43க்கும் நடுவில். முதல் மடக்கிலேயே சூடு காட்டிவிடும். அதனால் 30 மில்லி ஃப்யூஷனுக்கு 5 மில்லி தண்ணீர் கணக்கில் கலக்கச் சொன்னேன், கிட்டத்தட்ட 42.9க்கு இறங்கிவிடும்.

முடிவு ரகளை. "பிளெண்டட் எல்லாம் நான் தொடுறதில்லை மச்சி" என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த அல்சூர் நண்பன் 3ஆம் எண்ணுக்கு முதலிடம் கொடுத்தான். "இது கண்டிப்பா 18 வருஷம்டா, எழுதி வெச்சுக்கோ" என்றான். எழுதியும் வைத்தோம். 3 என்பது பிளாக் லேபிள். மால்ட் விஸ்கிகளோடு கிரெய்ன் விஸ்கியும் கலந்த பக்கா பிளெண்ட், 12 வருஷம். ஃப்யூஷனை நாலு பேர் ஷெர்ரி ஒயின் பீப்பாயில் இருந்த ஸ்பேசைட் என்றார்கள். ஓசூர்க்காரர் மட்டும், "இதுல நம்ம ஊர் வெயில் இருக்குப்பா" என்றார். விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதில் உண்டு. ஸ்காட்லாந்துப் பீப்பாயில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது என்றால், பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. மரத்தின் ருசி சீக்கிரம் இறங்குவதால் இங்கே நாலைந்து வருஷமே போதும்.

மூடி வைத்ததில் இன்னொரு லாபம், எல்லாரும் பேசினார்கள். லேபிள் தெரிந்தால் விவரம் தெரிந்தவன் பேசுவான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அன்றைக்கு மோந்து பார்த்து மிகச் சரியாகச் சொன்னதும் குடிக்காத என் மனைவிதான். கிளென்லிவெட்டை "வெட்டி வெச்ச ஆப்பிள்" என்றாள், ஃப்யூஷனை "ஹோமம் முடிஞ்ச வீடு" என்றாள். பாதி வேலை மூக்கினுடையது.

மூக்குக்கு வேலை என்றால் கிளாஸும் முக்கியம். இதற்கென்றே 2001இல் வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸ், அடியில் அகன்று வாயில் குறுகி மணத்தைச் சேர்த்துக் கொடுக்கும். ஆறு வாங்கக் கை கடித்தால், வாய் குறுகிய சிறிய ஒயின் கிளாஸ் அதற்கு அடுத்தபடி. அகலவாய் விஸ்கி டம்ளர் பார்க்க அழகு, மணம் தங்காது. எவர்சில்வர் டம்ளரைப் பற்றிக் கேட்காதீர்கள், ஒருவர் கேட்டார். வெள்ளிக்கிழமை வைத்தால் சாம்பிராணியைக் காலையோடு முடித்துவிடச் சொல்லுங்கள். மாடியில் கொசுவத்திச் சுருளும் கூடாது.

ஐஸா தண்ணீரா என்றால் தண்ணீர், அதுவும் சொட்டுக் கணக்கில். ஐஸ் மணத்தை அமுக்கிவிடும். தண்ணீர் ஏன் உதவுகிறது என்பதை சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017இல் கணினிக் கணக்கீட்டில் காட்டினார்கள். விஸ்கியை நீர்க்கச் செய்யும்போது குவாயகோல் என்ற புகைமணப் பொருள் மேற்பரப்புக்கு அருகில் வந்து நிற்கிறதாம். போர்வெல் தண்ணீர் ஆகாது, உப்பு முந்திக்கொள்ளும். எங்கள் கட்டிடத்துக்குக் காவிரி வருகிறது, வடிகட்டி வைத்துக்கொண்டோம். இரண்டு மாநிலத்துக்காரர்களும் காவிரியைத் தகராறில்லாமல் பங்கிட்டுக்கொள்ள இப்படி ஒரு வழி இருப்பது நடுவர் மன்றத்துக்குத் தோன்றவில்லை.

சைடு டிஷ்ஷில்தான் நம்மவர்கள் வழிக்கு வரமாட்டார்கள். சிக்கன் பெப்பர் ஃப்ரையும் ஊறுகாயும் ருசிக்கு எதிரி, ஆனால் அவை இல்லாவிட்டால் அல்சூர்க்காரன் வரவே மாட்டான். எங்கள் சமரசம் இது: வந்தவுடன் வயிறு நிறைய தயிர்சாதம், ருசி பார்க்கும் ஒன்றரை மணி நேரமும் சட்னி இல்லாத இட்லித் துண்டு, வறுவல் எல்லாம் மார்க் போட்டு முடித்த பிறகு. ஒரு விஸ்கிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நாக்கைத் துடைக்க வெறும் இட்லியை விட நல்லது நான் பார்த்ததில்லை.

அளவு, ஆளுக்கு 15 மில்லி. நாலு வகைக்கும் சேர்த்து 60 மில்லி, அதாவது ஒரு லார்ஜ் பெக். அன்று ஒரு பாட்டிலில் 90 மில்லிதான் காலியானது. மிச்சத்தை அவரவர் பாட்டிலாகவே திருப்பி எடுத்துப் போனார்கள். முறைவைத்துப் பாட்டில் கொண்டுவருவது சீட்டு போடுவதைப் போலத்தான், யாருக்கும் நஷ்டமில்லை. வண்டி மட்டும் கொண்டுவரக் கூடாது. ஓசூர்க்காரர் அன்று எங்கள் ஹாலிலேயே படுத்துக்கொண்டார்.

மார்க் தாள் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது. 3ஆம் எண்ணுக்கு எதிரே அல்சூர்க்காரன் கையெழுத்தில் "18 வருஷம்" என்று இருக்கும். கிழித்துப் போடச் சொல்லி அவன் வாரம் ஒருமுறை போன் செய்கிறான்.