புதுக்குடியிருப்புக்கா, மாமியின் கராஜுக்கா: திரும்பி வரும் பார்சல் எங்கே போக வேண்டும்?

வன்னியில் புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டு பனையோலைச் சாமான்களை இணையத்தில் வெளிநாட்டுக்கு விற்கிறேன். போன மார்கழியில் நோர்வேயிலிருந்து ஒரு பார்சல் திரும்பி வந்தது. ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மூன்று பனையோலைப் பெட்டிகள், குருத்தோலையில் பின்னியவை. வாங்கிய அக்கா நல்லவர்தான். "தங்கச்சி, படத்தில பெரிசாத் தெரிஞ்சுது, இதுக்குள்ள என்ர காப்புகூட அடங்காது" என்று மனவருத்தத்தோடு சொல்லித்தான் அனுப்பினார். ஏழு கிழமை கழித்துத் தபால் கந்தோரில் எடுத்துவந்து திறந்தேன். ஒட்டுநாடாவை நேராக ஓலையிலேயே ஒட்டியிருந்தார். உரித்தபோது சாயம் போட்ட ஓலைக் கீற்று அதோடு சேர்ந்து கிழிந்து வந்தது. பெரிய பெட்டியின் மூடி ஒரு பக்கம் சப்பளிந்திருந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். இங்கே மாரி மழை, வழியில் எங்கோ ஈரம் ஏறியிருக்கிறது.

அதை விற்கவும் முடியவில்லை, எறியவும் மனம் வரவில்லை. இப்போது வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம்.

வெளிநாட்டுக்கு விற்கிற எங்களைப் போன்றவர்களுக்கு வாங்கியவர் "வேண்டாம்" என்று சொன்னால் மூன்று வழிதான் இருக்கிறது. பொருளை இங்கேயே திருப்பி அனுப்பச் சொல்லலாம். காசைக் கொடுத்துவிட்டு, பொருளையும் நீங்களே வைத்திருங்கள் என்று விடலாம். அல்லது அந்த நாட்டிலேயே இருக்கிற ஒரு சொந்தக்காரர் முகவரிக்கு அனுப்பச் சொல்லலாம். மூன்றையும் செய்து பார்த்த பிறகு நான் மூன்றாவதில் நிற்கிறேன். லண்டனில் ஹரோவில் எனக்கு ஒரு மாமி இருக்கிறா. அவவின் கராஜில் பாதி இப்போது என்னுடைய கடைதான்.

முதல் வழியைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. தபால் செலவு கூட, காலம் கூட. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தெரியாத இரண்டு விசயம் இருக்கிறது. கூரியர்க்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கிற இடத்தையும் பார்ப்பார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000-ஆல் பிரிப்பார்கள். என்னுடைய வழமையான பெட்டி 35க்கு 28க்கு 25. உள்ளே இருப்பது ஒரு கிலோகூட வராது, கணக்கில் 4.9 கிலோ. ஓலை விற்கிறவருக்கு இது பெரிய அடி. தபாலில் சிறு பொதி என்றால் நிறுத்த எடைக்குத்தான் காசு. 2 கிலோவுக்குள், மூன்று பக்கமும் கூட்டி 90 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். அந்த அளவுக்கு ஏற்றபடிதான் பெட்டியைத் தெரிந்தெடுத்தேன்.

மற்றது சுங்கப் படிவம். சிறு பொதியில் ஒட்டுகிற சிஎன் 22 படிவத்தில் அன்பளிப்பு, விற்பனைப் பொருள் என்பவற்றோடு "ரிட்டர்ன்ட் குட்ஸ்", அதாவது திரும்பி வரும் பொருள், என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. நோர்வே அக்கா அதை விட்டுவிட்டு விற்பனைப் பொருள் என்று புள்ளடி போட்டு, தான் கொடுத்த விலையையும் எழுதிவிட்டார். புதிய இறக்குமதி என்று கணக்கெடுத்தால் இங்கே இலங்கையில் வற் வரி மட்டுமே 18 வீதம், 2024 தையிலிருந்து. என் பொருளை நானே இறக்குமதி செய்த கதையாகிவிடும். நல்லகாலம், முதலில் அனுப்பியபோது வாங்கிய தபால் பற்றுச்சீட்டு கையில் இருந்தது, விளக்கம் சொல்லித் தப்பினேன். அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள்.

இரண்டாவது வழி, அதாவது பொருளை விட்டுவிடுவது, சின்னச் சாமானுக்குச் சரி. புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி ஒன்றுக்காக நான் சண்டை பிடிப்பதில்லை. ஒடியல் மா, பனங்கட்டிக் குட்டான் போன்ற சாப்பாட்டுச் சாமான் திரும்பி வந்தாலும் யாருக்கும் விற்க முடியாது, அதனால் அதற்கு வேறு வழியே இல்லை. ஆனால் இதை வழக்கமாக்கினால் கதை பரவும். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் அடுத்தடுத்து "மூடி சரியில்லை" என்று படம் அனுப்பினார்கள். மூன்றும் ஒரே படம். நான் ஒன்றும் சொல்லவில்லை, காசைக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் மாமியிடம் வாய்விட்டுக் கேட்டேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த மூன்றையும் ஒப்பிடும்போது எல்லாரும் தபால் செலவைத்தான் பார்க்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் பார்த்தேன். உண்மையில் பார்க்க வேண்டியது, திரும்பி வந்த பொருள் மறுபடி விலை போகுமா என்பது. ஓலை உயிருள்ள சாமான் மாதிரி. குளிர் நாட்டு வீட்டில் ஹீற்றர் போட்டால் காற்று வறண்டு ஓலை முறுகும், மடிப்பில் வெடிக்கும். அதே ஓலை மாரியில் வன்னிக்கு வந்தால் ஈரம் குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். முறுகின ஓலையை இரண்டாம் தரம் விமானத்தில் ஏற்றி, கொழும்பில் ஒரு கிடை கிடந்து, பரந்தன் வீதியால் குலுங்கி வரவைத்தால் என்ன மிஞ்சும்? இங்கே திரும்பி வந்த ஐந்தில் ஒன்றைத்தான் என்னால் மறுபடி முழு விலைக்கு விற்க முடிந்தது.

மாமியிடம் போன ஒன்பதில் ஆறு மறுபடி விற்றன. இரண்டை அவவே சிநேகிதிகளுக்குக் கொடுத்துக் காசை அனுப்பினா. ஒன்று உடைசல். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தூரம் மட்டுமில்லை. மாமி விசுவமடுவில் பிறந்து வளர்ந்தவ, ஓலையின் குணம் தெரியும். சப்பளிந்த பெட்டி வந்தால் பூவுக்குத் தெளிக்கிற போத்தலால் மெல்ல நீர் தெளித்து, உள்ளே பழைய பேப்பரைக் கசக்கி இறுக்கி அடைத்து, இரவு முழுக்க விட்டுவிடுவா. காலையில் ஓலை பழைய வடிவத்துக்கு வந்திருக்கும். பிறகு பேப்பரை எடுத்து, நிழலில் நன்றாக உலரவிட்டு, வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவா. நான் ஈபேயில் பொருள் இருக்கிற இடத்தைப் பிரித்தானியா என்று மாற்றிப் போடுவேன். அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை: புதுப் பெட்டியைவிடத் திரும்பி வந்த பெட்டி விரைவாக விற்கிறது. இரண்டு நாளில் கைக்கு வரும் என்றால் சனம் யோசிக்காமல் வாங்குகிறது.

வாங்குகிறவருக்கும் இது லேசு. பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இணையத்தில் வாங்கிய பொருளைக் கையில் கிடைத்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். அதைத் திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவருடையது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது எங்கள் தலையில். பிழையான பொருளோ பழுதான பொருளோ போயிருந்தால் எழுதி வைத்தும் பயனில்லை, எங்கள் செலவுதான். பேர் பின்னிக் கொடுக்கும் பெட்டி போன்று சொல்லிச் செய்வித்த சாமானுக்கு மட்டும் இந்த 14 நாள் இல்லை. ஹரோவுக்கு அனுப்ப ஏழெட்டுப் பவுண் முடிகிறது. புதுக்குடியிருப்புக்கு என்றால் அதைப்போல மூன்று மடங்கு என்று ஓர் அக்கா விசாரித்துச் சொன்னார். அந்த விலையைக் கேட்டாலே மனிதருக்குக் கோபம் வரும், நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டுப் போவார்கள்.

இதில் கரைச்சலே இல்லை என்று சொல்ல மாட்டேன். பொருள் பிரித்தானியாவுக்குள் இருக்கும்போது விற்றால் அங்கத்தைய வற் வரிக் கணக்கு வேறு மாதிரி. அங்கேயே இருக்கிற வியாபாரிக்கு 90,000 பவுண் வரை பதிவு தேவையில்லை. வெளிநாட்டில் இருந்து விற்கிற எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, முதல் விற்பனையிலிருந்தே பதிய வேண்டும். ஈபே போன்ற சந்தை வழியாக விற்றால் அந்த வரியைச் சந்தையே அறவிட்டுக் கட்டிவிடும். அதனால்தான் மாமியிடம் இருப்பதை வட்ஸ்அப்பில் நேரடியாக விற்பதில்லை. ஒன்பது பெட்டி வரை இது சரி. தொண்ணூறு என்றால் கணக்காளர் ஒருவரிடம் கேட்காமல் தொட மாட்டேன்.

கனடாவில் ஸ்கார்பரோவில் ஓர் அண்ணாவின் முகவரியை வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு பார்சல்தான் போயின, இரண்டும் அவர் வீட்டிலேயே கிடக்கின்றன. ஆள் நல்லவர், ஆனால் ஓலை தெரியாது, நேரமும் இல்லை. ஆகவே சொந்தக்காரர் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பெட்டியைத் திறந்து பார்க்கிற ஆளாக இருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் காய்ந்த ஓலை என்றாலும் பூச்சி, நோய் உள்ளே வராமல் பார்க்கிற உயிர்ப்பாதுகாப்புப் பரிசோதனை உண்டு என்பதால் அங்கே பெரிதாக விற்றதில்லை, அனுபவம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 800 டொலர் வரைக்கும் இருந்த தீர்வை விலக்கு 2025 ஒகஸ்ட் 29-இல் போய்விட்டது. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை மாற்றி அனுப்பினால் இரண்டாவதற்கும் தீர்வை விழும். அங்கே நான் இன்னும் இரண்டாவது வழியில்தான் இருக்கிறேன், சின்னச் சாமான் மட்டும் விற்கிறேன்.

இப்போது ஒவ்வொரு படத்திலும் பெட்டிக்குப் பக்கத்தில் என் கையை வைத்து எடுக்கிறேன், "பெரிசாத் தெரிஞ்சுது" என்கிற முறைப்பாடு நன்றாகக் குறைந்துவிட்டது. மாமி வழியாக விற்ற ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்கு மாமிக்கு. முதலில் வேண்டாம் என்றா, பிறகு வாங்கிக்கொண்டா. போன கிழமை கோல் எடுத்து, "பிள்ளை, கார் இப்ப ரோட்டிலதான் நிக்குது, ஒரு இறாக்கை வாங்கித் தா" என்றா. விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.