வாங்கும் முன் 163ஆம் பக்கத்தைப் பாருங்கள்

இரவு பன்னிரண்டரை ஆகிறது. தூக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. 268 டாலர் போய்விட்டது. புத்தகத்துக்கு 240, காப்பீட்டோடு அனுப்பிவைக்க 28. விற்றது பழைய, அரிய புத்தகங்களை இணையத்தில் விற்கும் ஒரு கடை. பெரிய சந்தைத் தளம் ஒன்றில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. வங்கியில் கொடுத்த புகார் இன்னும் முடியவில்லை, பெயரைப் போட்டுவிடாதே என்று என் கணவர் சொல்லிவிட்டார். அதனால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன். பழைய புத்தகம் வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் முழுவதும் படியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் வாங்கியது ஜேம்ஸ் ஃப்ரே எழுதிய 'எ மில்லியன் லிட்டில் பீசஸ்'. 2003இல் வந்த முதல் பதிப்பு, கெட்டி அட்டை, ஆசிரியர் கையெழுத்தோடு. குடியிலும் போதை மருந்திலும் சீரழிந்த ஓர் இளைஞன் மறுவாழ்வு மையத்தில் மீண்ட கதை. உண்மைக் கதை என்று சொல்லி விற்றார்கள். அப்போது அமெரிக்காவில் இருந்தவர்களுக்குப் பிறகு நடந்த கூத்து நினைவிருக்கும்.

அதில் பொய் கலந்திருக்கிறது என்று தெரிந்தே ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். என் தம்பிக்காக. அவன் குடியை விட்டு இந்த ஜனவரியோடு இருபது ஆண்டு.

2005 செப்டம்பரில் பிரபல தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தன் புத்தக மன்றத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தார். நாடே படித்தது, நானும் படித்தேன். மரத்துப்போகும் ஊசி இல்லாமல் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ளும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். மறுநாளே இன்னொரு பிரதி வாங்கி, டல்லாஸில் தனியாக இருந்த தம்பிக்கு அனுப்பினேன். பாடப் புத்தகத்தைத் தவிர எதையும் படிக்காதவன் இரண்டே இரவில் முடித்தான். "அக்கா, இவனே பிழைத்துவிட்டான் என்றால் நான் எம்மாத்திரம்" என்று தொலைபேசியில் சொன்னான். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் குரல் குழறாமல் இருந்தது.

முழுக்க நல்லதே நடந்தது என்று சொல்ல மாட்டேன். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பின் பன்னிரண்டு படிகளும் தேவையில்லை, மன உறுதி போதும் என்ற தொனியில் அந்த ஃப்ரே எழுதியிருந்தார். அதை நம்பி நவம்பரில் இவன் ஏஏ கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து போனான். டிசம்பரில் மறுபடி குடித்தான். 2006 ஜனவரி 2 அன்று நானும் என் கணவரும் போய் அவனைச் சிகிச்சை மையத்தில் சேர்த்தோம். பையில் நான்கு சட்டையும் அந்தப் புத்தகமும்.

ஆறு நாள் கழித்து, ஜனவரி 8 அன்று, ஸ்மோக்கிங் கன் என்ற இணையதளம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தது. மாதக்கணக்கில் சிறையில் கிடந்ததாக எழுதியவர் உண்மையில் காவலில் இருந்தது சில மணி நேரம். முதலில் தொலைக்காட்சி நேரலைக்குத் தொலைபேசியில் வந்து ஆதரவு தெரிவித்த அதே ஓப்ரா, 26ஆம் தேதி ஆசிரியரை எதிரில் உட்காரவைத்து, லட்சக்கணக்கான வாசகர்களுக்கு நீங்கள் துரோகம் செய்துவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். மையத்தில் இருந்த அத்தனை பேரும் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்களாம். கூரை வேலை செய்யும் ஒரு பெரியவர் தன் பிரதியைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவரே அதை வெளியே எடுத்து, காகிதக் கைக்குட்டையால் துடைத்து, அறைக்குக் கொண்டுபோனார். இதைச் சொல்லும்போதெல்லாம் தம்பி சிரிப்பான். அவன் தன்னுடையதை அங்கேயே ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அழுதது யாருடைய பல்லுக்காக? அந்தக் கேள்வி இன்றுவரை எனக்கு இருக்கிறது. தம்பிக்கு இல்லை. "அவன் சிறையில் இருந்தானா இல்லையா என்பது அவன் பிரச்சினை அக்கா, நான் குடித்தது நிஜம்தானே" என்று முடித்துவிடுவான். போன தீபாவளிக்குப் பேசும்போது, அந்தப் பழைய புத்தகம் கையில் இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னான். அவ்வளவுதான், நான் தேடக் கிளம்பிவிட்டேன்.

இப்போது அந்தக் கடைக்கு வருகிறேன். விளம்பரத்தில் 'மிக நல்ல நிலை, எல்லாப் பக்கங்களும் உள்ளன' என்று இருந்தது. இருந்தாலும் பணம் கட்டும் முன் எழுதிக் கேட்டேன்: தம்பிக்குப் பரிசு, இருபது ஆண்டு, குறை ஏதும் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "ஒவ்வொரு பக்கமும் நானே புரட்டிப் பார்த்தேன். என் கணவரும் குடியிலிருந்து மீண்டவர்தான், பதினோரு ஆண்டு ஆகிறது. உங்கள் தம்பிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்." ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார், ஆனால் எனக்குச் சொந்தத்தில் ஒருத்தி பேசுவதுபோல இருந்தது. கண் கலங்கிவிட்டது. விலை குறைப்பீர்களா என்று கேட்க நினைத்திருந்தேன், கேட்கவில்லை. அந்த நிமிடம்தான் 268 டாலரைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 9 அன்று பொட்டலம் வந்தது. மேலுறை பளபளவென்று இருந்தது. கையெழுத்தைப் பார்த்தேன், மகிழ்ந்தேன், பரிசுத் தாளில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன். முட்டாள்தனம். 24ஆம் தேதி இரவு, கொடுப்பதற்குள் ஒருமுறை படித்துவிடலாம் என்று பிரித்தேன். 162ஆம் பக்கத்தின் கடைசி வரிக்கு அடுத்தது ஒட்டவேயில்லை. பார்த்தால் 165. நடுவில் தையலோரம் விரல் அகலத்துக்கு ஒரு துண்டுத் தாள் நிற்கிறது. பிளேடு வைத்து நேராக அறுத்த வெட்டு. கிழிந்ததோ உதிர்ந்ததோ இல்லை.

163 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. 2006இல் ஏமாந்த வாசகர்கள் வழக்குப் போட, பணத்தைத் திருப்பித் தரப் பதிப்பகம் ஒப்புக்கொண்டது. கெட்டி அட்டைப் பிரதி வாங்கியவர்கள் அத்தாட்சியாக 163ஆம் பக்கத்தை அனுப்ப வேண்டும், சாதா அட்டை என்றால் முன்னட்டையை. கூடவே, இதில் பொய் கலந்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று உறுதிமொழியும் எழுதித்தர வேண்டும். எங்கள் வீட்டிலும் சாதா அட்டைப் பிரதி ஒன்று இருந்தது, 14 டாலர் 95 சென்ட் கிடைக்கும். என் கணவர் விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். என்னால் அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட முடியவில்லை. தம்பி அப்போதும் குடிக்காமல்தான் இருந்தான்.

ஆக, எனக்கு முன் இந்தப் பிரதியை வைத்திருந்த மகானுபாவர் பக்கத்தை அறுத்து அனுப்பி 23 டாலர் 95 சென்ட் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை விற்றிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் ஏமாந்தவர்தான். மொத்தமே 1,729 பேர்தான் பணம் கேட்டார்கள். அவர்களுக்குப் போனது 27,348 டாலர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குப் பதினாறு டாலர்கூட வரவில்லை. அப்படியென்றால் பெரும்பாலோர் சாதா அட்டைக்காரர்கள். 163ஐ அறுத்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவருடைய பிரதி என் தலையில் வந்து விடிந்திருக்கிறது. இன்னொன்றும் உறுத்துகிறது. ஆசிரியர் கையெழுத்துள்ள பிரதியை 24 டாலருக்காக யாராவது அறுப்பார்களா? கையெழுத்து எப்போது, யார் போட்டது?

இதைத்தான் கடைக்கு எழுதிக் கேட்டேன். முன்பு பத்து நிமிடத்தில் பதில் சொன்னவர் ஐந்து நாள் எடுத்துக்கொண்டார். "பழைய புத்தகங்களில் சிறு குறைகள் இயல்பு." பக்கம் இல்லாதது சிறு குறையா என்று கேட்டேன். "படம் அனுப்புங்கள்." 162, 165, நடுவில் நிற்கும் துண்டு, எல்லாவற்றையும் எடுத்து அனுப்பினேன். அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "நீங்கள் குறிப்பிடும் பக்கம் படத்தில் தெரியவில்லை." தெரியாது அம்மா! இல்லாத பக்கம் எப்படித் தெரியும்?

அடுத்து, திருப்பி அனுப்பும் கெடு பதினான்கு நாள், 23ஆம் தேதியோடு முடிந்தது என்றார்கள். ஒரே ஒரு நாள் பிந்திவிட்டேன். சந்தைத் தளத்துக்கு எழுதினால் விற்பனையாளரைக் கேளுங்கள் என்றார்கள்; விற்பனையாளர் தளத்தைக் கேளுங்கள் என்றார். மூன்று முறை இப்படி அலைக்கழித்துவிட்டு, பெரிய மனது பண்ணி, அடுத்த முறை வாங்கும்போது பத்து டாலர் தள்ளுபடி தருவதாக ஒரு சீட்டு அனுப்பினார்கள். 268 டாலருக்குப் பத்து டாலர், அதுவும் மறுபடி அவர்களிடமே வாங்கினால்.

நேற்று அந்தக் கடையைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை உட்கார்ந்து படித்தேன். புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவரின் நினைவுக் குறிப்பை வாங்கிய பெண், "கடைக்காரரின் கணவரும் புற்றுநோயை வென்றவராம், எவ்வளவு அன்பாகப் பேசினார்" என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். போர் நினைவுகளை வாங்கிய இன்னொருவருக்கு அதே கணவர் ஈராக்கில் சண்டை போட்டவர். குடி, புற்றுநோய், போர்: பாவம், அந்த மனிதர் எவ்வளவைத்தான் தாங்குவார்! ஃப்ரேயாவது ஒரு கதையைத்தான் சொந்தக் கதை என்றார்.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பொட்டலம் வந்த அன்றே பக்க எண்களைப் பாருங்கள், பரிசுத் தாளைப் பிறகு எடுக்கலாம். விலை உயர்ந்தது என்றால் பக்கங்களைப் புரட்டிக் காட்டும் வீடியோ கேளுங்கள். கடன் அட்டையில் மட்டும் கட்டுங்கள். விலை பேசும்போது யாராவது வீட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு கடை பாருங்கள். இந்தப் புத்தகமே வேண்டும் என்றால், கெட்டி அட்டையில் 163, சாதா அட்டையில் முன்னட்டை.

சனிக்கிழமை தம்பி வருகிறான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் அதே பதிப்பு ஒன்று இருக்கிறது, காலையில் போய் 163, 164 இரண்டையும் நகல் எடுத்து உள்ளே வைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். பக்கத்துக்குப் பத்து சென்ட், மொத்தம் இருபது. 268 டாலர் 20 சென்ட் ஆகிறது.