மொரீஷியஸ் பிள்ளைக்கு ஆங்கிலம்: வினாத்தாளா, செயலியா, தமிழ்ப் பாடமா?

ரோஸ் ஹில்லில் பள்ளி விட்டதும் சீருடையோடு டியூஷனுக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கும். வீட்டிலும் தெருவிலும் அவர்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. நாளிதழும் தொலைக்காட்சியும் பெரும்பாலும் பிரெஞ்சு. ஆங்கிலம் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் 2017-இல் சி.பி.இ. என்ற பழைய தொடக்கப்பள்ளித் தேர்வுக்குப் பதிலாக வந்த பி.எஸ்.ஏ.சி. என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை ஆறாம் வகுப்பு முடிவில் எழுத அந்த ஆங்கிலம்தான் வேண்டும். “தமிழ்ப் பாடத்தை விட்டுவிட்டு அந்த நேரத்தில் ஆங்கிலம் படிக்கட்டும்” என்று பெற்றோர் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதனாலேயே இதை எழுதுகிறேன். அண்ணன் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் மூன்று வழிகளிலும் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன்.

முதல் வழி, இங்கே லெசோன் என்று சொல்லும் டியூஷன். பழைய வினாத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட வைப்பார்கள். நேரத்துக்குள் முடிக்கும் பழக்கமும் கேள்வியின் போக்கும் பிடிபடும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கோடிட்ட இடத்தில் ‘கோஸ்’ என்று சரியாக நிரப்பும் பிள்ளை, கட்டுரையில் ‘ஷீ கோ’ என்றே எழுதுகிறது. கட்டுரைக்கும் மனப்பாடம்தான். சந்தையைப் பற்றி ஒன்று, கடற்கரையைப் பற்றி ஒன்று. தலைப்பு சற்று மாறினால் பிள்ளை பேனாவை வைத்துவிட்டு விழிக்கிறது.

இரண்டாவது வழி, கைபேசிச் செயலி. அது தவறைச் சட்டென்று திருத்திவிடும். திருத்தியது செயலி, பிள்ளை அல்ல. தேர்வறைக்குள் அது வரவும் வராது.

மூன்றாவது வழி, பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் மொழிகளைக் கொண்டே ஆங்கிலத்தைத் திறப்பது. ‘ஷீ கோ’ எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கிரியோலில் ‘மோ மான்ஜே’ என்றால் நான் சாப்பிடுகிறேன். ‘லி மான்ஜே’ என்றால் அவள் சாப்பிடுகிறாள். ஆள் மாறினாலும் வினை மாறாது. தமிழில் மாறும்: வருகிறேன், வருகிறாள், வருகிறார்கள். இத்தனை விகுதிகளைத் தமிழ் வகுப்பில் படித்த பிள்ளையிடம், “ஆங்கிலத்தில் நிகழ்காலத்துக்கு ஒரே ஒரு ‘ஸ்’தான் மிச்சம்” என்று சொன்னேன். அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

‘எ’, ‘த’ என்ற சொற்களுக்குத் தமிழ் உதவாது. நம்மிடம் அவை இல்லை. அங்கே கிரியோல் கைகொடுக்கும். ‘என் சாத்’ என்றால் ஏதோ ஒரு பூனை, ‘சாத்-லா’ என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பூனை. ‘எ கேட்’, ‘த கேட்’ என்பதும் இதே வேறுபாடுதான். கிரியோலே காலை வாரிவிடும் இடமும் உண்டு. ‘மோ எனா தீஸ் ஆன்’ என்பதை அப்படியே மாற்றி ‘ஐ ஹேவ் டென் இயர்ஸ்’ என்று எழுதுவார்கள். பிரெஞ்சில் ‘லிப்ரேரி’ புத்தகக் கடை. ஆங்கிலத்தில் லைப்ரரி நூலகம். இவற்றைத் தனி நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

அணிகளில்தான் தமிழ் முழுதாகக் கைகொடுக்கிறது. ‘தாமரை போன்ற முகம்’ உவமை, ‘முகத்தாமரை’ உருவகம். ‘போன்ற’ நின்ற இடத்தில் ஆங்கிலத்தில் ‘லைக்’ அல்லது ‘ஆஸ்’ நிற்கும். அதை எடுத்துவிட்டு இதுவே அது என்று சொன்னால் உருவகம். காவடித் திருவிழா பற்றி எழுதச் சொன்னபோது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘சாலை மிகவும் சூடாக இருந்தது’ என்று ஆங்கிலத்தில் எழுதினாள். “வெறுங்காலில் நடந்தாயே, எதைப் போலச் சுட்டது?” என்றேன். தால்பூரி சுடும் தாவா போல என்றாள். “சரி, ‘போல’வை எடுத்துவிடு” என்றேன். ‘த ரோட் வாஸ் எ தாவா’ என்று எழுதினாள். எந்த மனப்பாடக் கட்டுரையிலும் அந்த வரி கிடையாது.

இந்த வழி மெதுவானது. நோட்டை வரிவரியாகப் படித்துத் திருத்தப் பொறுமையுள்ள பெரியவர் ஒருவர் அருகில் உட்கார வேண்டும். ஆகவே மூன்றாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். வினாத்தாள்கள் ஆறாம் வகுப்பின் கடைசி மாதங்களுக்குப் போதும். அதுவரை வாரத்துக்கு ஒரு பக்கம், பிள்ளை தானே கண்டதையும் தின்றதையும் பற்றி எழுதட்டும். தமிழ்ப் பாடத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.