பழைய வண்டியைப் பட்டறையில் விடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தாத்தா விட்டுப்போன மஹிந்திரா பிக்கப். 1989 மாடல், 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சின். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வருஷக்கணக்கில் முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றிப்போன வண்டி. அவர் போனபிறகு நாலு மழைக்காலம் தோட்டத்தில் சும்மா நின்றது. அப்படியிருந்தும் பேட்டரி மாற்றி, டேங்கைக் கழுவி, டீசல் லைனில் ஏர் எடுத்ததும் எஞ்சின் ஓடியது. துருப்பிடித்திருந்தது பாடி மட்டும்தான்.

கோவைப் பக்கம் பழைய ஜீப்புகளைப் புதுசாக்கித் தரும் ஒரு பட்டறையில் விட்டேன். போலீஸில் புகார் இருப்பதால் பெயர் போடவில்லை. "நாலே மாசம் தம்பி, தாத்தா ஓட்டுன மாதிரியே தர்றேன்" என்றார் பட்டறைக்காரர். 2,80,000 ரூபாய்க்குப் பேசி 1,00,000 அட்வான்ஸ் கொடுத்தேன். வெள்ளைத்தாளில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தந்தார். எந்தத் தகட்டை வெட்டி மாற்றுவார், எந்தச் சாமான் புதுசு என்று ஒரு வரி இல்லை. நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

ரெண்டாவது மாசம் "கிராங்க் தேஞ்சுபோச்சு, எஞ்சினை இறக்கணும்" என்று இன்னும் 45,000 வாங்கினார். நாலு மாசம் பதிமூன்று மாசமானது. கடைசியில் பளபளவென்று பச்சை பெயிண்டில் வண்டி வந்து நின்றபோது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ஐப்பசி மழையிலேயே டிரைவர் கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்பளித்தது. சாவியால் குத்தினேன், செம்மண் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. நெம்பினால் அரை அங்குலக் கனத்துக்குப் பட்டி (பெயிண்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பிப் பூசும் பசை) அப்படியே பெயர்ந்து வந்தது. உள்ளே ஓட்டையை அடைத்திருந்தது சுருட்டிய செய்தித்தாள். துருவை வெட்டவே இல்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதனால் அடியில் துரு முன்னைவிட வேகமாகப் பரவியிருக்கிறது. அப்புறம் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க வைத்துப் பார்த்தேன். பாதி இடத்தில் ஒட்டவில்லை, அங்கெல்லாம் மேலே கனமான பட்டிதான். டெலிவரி எடுத்த அன்றே இந்தக் காந்தம் பையில் இருந்திருந்தால் மீதிப் பணத்தைக் கொடுத்திருக்க மாட்டேன்.

அதைவிடப் பெரிய அடி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். தாத்தா பெயரில் இருந்த ஆர்.சி.யை வாரிசு முறையில் என் பெயருக்கு மாற்ற படிவம் 31 கொடுத்துவிட்டு, எஃப்.சி.க்கு வண்டியைக் காட்டினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்த எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் இல்லையே" என்றார். எங்கள் எஞ்சினை எடுத்துக்கொண்டு அதே ரகத்தில் புகை கக்கும் வேறொன்றை மாட்டியிருக்கிறார்கள். நன்றாக ஓடும் பெஜோ எஞ்சினுக்குப் பழைய ஜீப் வைத்திருப்பவர்களிடம் கிராக்கி உண்டு. இப்போது வண்டியில் இருப்பது யாருடைய எஞ்சின், திருட்டு வண்டியுடையதா என்றுகூட எனக்குத் தெரியாது. பதில் சொல்ல வேண்டியவனோ நான்.

தயவுசெய்து வண்டியை விடும் முன்பே சேஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் பென்சில் தேய்த்துத் தாளில் எடுத்து, பட்டறைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். எஃப்.ஐ. பம்ப் (எஞ்சினுக்கு டீசல் செலுத்தும் பம்ப்), டைனமோ, கியர்பாக்ஸ் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுங்கள். வெல்டிங் முடிந்து பட்டி பூசும் முன் வெறும் தகட்டை நேரில் பார்த்துவிட்டு அடுத்த தவணையைக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பாதீர்கள், எனக்கு வந்ததெல்லாம் பத்தடி தூரத்தில் எடுத்த படம்தான். கழற்றிய பழைய சாமான் திரும்பி வர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

போலீஸில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடுகிறேன். அதற்கு ரெண்டு வருஷம் கெடு இருக்கிறது, பில் இல்லாவிட்டாலும் ஜிபே கணக்கு சாட்சியாக இருக்கிறது.

பட்டறையின் பின்பக்கம் பழைய இரும்புக் குவியலில் எங்கள் டெயில் போர்டு கிடந்தது. தாத்தா பெயிண்டரைக் கூப்பிட்டு எழுதவைத்த "பழனியாண்டவர் துணை" அதில் பாதி அழியாமல் இருந்தது. அதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன். எஞ்சின் இன்னும் கிடைக்கவில்லை.